அப்பா வேட்டி கட்டிய பக்கம்

காலை ஏழு நாற்பதுக்கு அப்பாவுக்கு இன்சுலின் போட்டேன். ஏழு ஐம்பத்தைந்துக்கு அவர் அறையில் இல்லை.

இடைப்பட்ட பதினைந்து நிமிடங்களுக்கு என்னிடம் எழுத்தில் சாட்சியம் இருக்கிறது. ஊசி போட்ட இடத்தைப் பஞ்சால் அழுத்திவிட்டு, "பத்து நிமிஷத்துல இட்லி வந்துடும்பா, படுத்திருங்க" என்று சொன்னேன். பிறகு அறைக்கு வெளியே மாடிப்படி ஓரமிருந்த மேசையில் உட்கார்ந்து குறிப்பேட்டைத் திறந்தேன். "மட்டாஞ்சேரி, வியாழக்கிழமை, ஐப்பசி, இங்கே துலாம் மாதம்" என்று தலைப்பிட்டு ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறேன். காற்றில் சுக்கு வாசனை இருப்பதாக ஒரு வரி. இரவு பெய்த மழையில் ஓடுகள் கறுத்திருப்பதாக ஒரு வரி. கடைசி வாக்கியம் பாதியில் நிற்கிறது: "அப்பா பிறந்த ஊரில் அப்பாவோடு கண்விழித்த இந்தக் காலையில்". அந்த இடத்தில்தான் விடுதிக்காரச் சேச்சி இட்லித் தட்டோடு படியேறி வந்து, "அச்சன் குளிக்கான் போயோ?" என்று கேட்டார்.

குளிக்கப் போகவில்லை. குளியலறை காலி. கட்டிலின் மேல் நான் எடுத்து வைத்திருந்த பேன்ட்டும் கட்டம் போட்ட சட்டையும் மடிப்புக் கலையாமல் இருந்தன. பெட்டி திறந்து கிடந்தது. பழைய வீட்டு வாசலில் நிறுத்திப் படம் எடுக்கலாம் என்று கொண்டுவந்திருந்த கரை வேட்டியையும் வெள்ளைச் சட்டையையும் காணவில்லை. மூக்குக் கண்ணாடி மேசையில் இருந்தது. பின்பக்க இரும்புப் படி வழியாக இறங்கியிருக்கிறார். அப்படி ஒரு படி இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

சர்க்கரை நோயாளி இருக்கும் வீட்டில் இதன் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஊசி உள்ளே போய்விட்டது, சாப்பாடு போகவில்லை. ஒரு மணி நேரத்தில் வியர்க்கும், கை நடுங்கும். பிறகு பேச்சு குழறும். அதற்குப் பிறகு மயக்கம். ஒரு வருடத்துக்கு முன் திருச்சியில் ஒருமுறை அந்த எல்லை வரை போய்த் திரும்பினோம். "இன்னும் அரை மணி போயிருந்தா சொல்ல முடியாதும்மா" என்றார் டாக்டர். மற்றவர்களுக்கு உடம்பு எச்சரிக்கை கொடுக்கும். சட்டைப் பையிலிருக்கும் மிட்டாயை வாயில் போட்டுக்கொள்வார்கள். அப்பாவுக்கு மறதி நோய். மிட்டாய் எதற்கு என்பதும் மறந்துவிட்டது.

நான் தபால் அலுவலகத்தில் முப்பத்தொரு ஆண்டுகள் வேலை பார்த்தவள். காலையில் போனதும் முதல் வேலை, முத்திரையில் தேதியை மாற்றி ஒரு வெற்றுத் தாளில் குத்திப் பார்ப்பது. அந்தப் பழக்கம் ஓய்வுக்குப் பிறகும் விடவில்லை. எங்கள் குடும்பத்தின் பிறப்பு, இறப்பு, திருமணம், வீடு மாற்றம் எல்லாவற்றுக்கும் தேதி வைத்திருக்கிறேன். அந்த வருடங்களை இங்கே தரப் போவதில்லை. அவை கோப்பில் பத்திரமாக இருக்கின்றன. அன்றைக்கு அவற்றில் ஒன்றுகூட உதவவில்லை.

மட்டாஞ்சேரிக்கு வந்ததே அந்தக் கோப்பால்தான். என் தாத்தா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இங்கே ஒரு மிளகுக் கிடங்கில் தராசு பிடிக்க வந்தவர். அப்பா இங்கே பிறந்தார். பதின்மூன்று வயதில் குடும்பம் ஊர் திரும்பியது. அதன் பிறகு அவர் இந்தப் பக்கமே வந்ததில்லை. இப்போது எண்பத்து நான்கு வயது. ஒரு வருடமாக, திருச்சியில் தானே பார்த்துப் பார்த்துக் கட்டிய வீட்டின் வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு, சாயங்காலமானால் "வீட்டுக்குப் போலாம்" என்பார். இதுதான் வீடு என்றால் கோபம் வரும். "வீட்டுக்குப் போய் சாப்டுக்கறேன்" என்று தட்டைத் தள்ளுவார். உடம்பு பாதியாகிவிட்டது. நடுநடுவே மலையாளம் வேறு பேசத் தொடங்கினார். எனக்குச் சரியாகப் புரியாத மொழியில் கேட்கிறார் என்றால், எனக்குத் தெரியாத வீட்டைத்தான் கேட்கிறார் என்று முடிவு செய்தேன். அந்த வீட்டைக் காட்டினால் சாப்பிடுவார் என்று நம்பினேன். அவர் எப்போதோ சொன்ன துணுக்குகளை வைத்து இருபத்திரண்டு பக்கக் கோப்பு தயாரித்தேன். பிறந்த வீட்டுச் சந்து, பள்ளிக்கூடம், கோயில், கிடங்கு, படகுத்துறை என்று ஏழு இடங்கள். புதன்கிழமை மதியம் எர்ணாகுளத்தில் இறங்கி, பாலம் தாண்டி வந்து சேர்ந்தோம். வழி நெடுக அவர் எதையும் அடையாளம் கண்டதாகத் தெரியவில்லை. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

எட்டு மணிக்குச் சேச்சி காவல் நிலையத்துக்குத் தொலைபேசியில் சொன்னார். படம் அனுப்பச் சொன்னார்கள். என் கைபேசியில் இருந்ததிலேயே தெளிவான படத்தை அனுப்பினேன். மழித்த முகம், கண்ணாடி, நெற்றி நிறைய விபூதி, கட்டம் போட்ட சட்டை. அன்று காலை அவர் முகத்தில் நான்கு நாள் வெண்தாடி இருந்தது. சவரம் செய்ய விடவில்லை. கண்ணாடி இல்லை. விபூதியும் பூசவில்லை. ஆனால் அப்பா என்றால் என் மனத்தில் எழும் படம் அதுதான், அனுப்பிவிட்டேன்.

தெருமுனைச் சாயாக்கடையில் கேட்டேன். "வயசானவர், எண்பத்து நாலு, அஞ்சடி நாலு அங்குலம், வெள்ளை வேட்டி, நெத்தியில விபூதி, தமிழ்நாட்டுக்காரர்."

சாயா ஆற்றிக்கொண்டே அவர் யோசித்தார். "தமிழனோ? இல்லல்லோ சேச்சி. ராவிலே இது வழி ஒரு இக்கா போயி. வேறே ஆரும் இல்ல."

அந்த ஊரில் வயதான முஸ்லிம்களை இக்கா என்பார்கள், ராவிலே என்றால் காலையில் என்று எனக்குத் தெரியும். வேறு யாரோ ஒருவர். நன்றி சொல்லிவிட்டு ஓடினேன்.

ஆட்டோ ஒன்று நின்றது. ஓட்டுநருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். நான் தமிழில் புலம்பியதைக் கேட்டு அவரும் தமிழில் பேசினார்.

"அக்கா, முதல்ல ஏறுங்க. கரையாதீங்க. நம்ம நோக்கலாம். அழுதுட்டே நோக்குனா கண்ணு தெரியாது."

பாலக்காட்டிலிருந்து இரண்டு தலைமுறைக்கு முன் வந்த தமிழ் முஸ்லிம் குடும்பம் அவருடையது. பிறந்து வளர்ந்தது மட்டாஞ்சேரியில். ஏழு இடங்கள் எழுதிய தாளை நீட்டினேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது என்னக்கா, பரீட்சைப் பேப்பரா? எனக்குத் தமிழ் பேசத்தான் வரும், வாயிக்க வராது. மலையாளத்துல இருந்தா ஒரு பிடி பிடிச்சிருப்பேன். நீங்களே படிங்க."

படித்தேன். முதலில் பிறந்த வீட்டுச் சந்து, அப்புறம் பள்ளிக்கூடம், அப்புறம் கோயில் என்று வரிசையாகச் சொன்னேன்.

"பள்ளிக்கூடம் அந்த மூலைக்கு, கோயில் இந்த மூலைக்கு. ஏன் இப்படிக் குறுக்கும் மறுக்கும்?"

"வருஷ வரிசைப்படி, தம்பி."

கண்ணாடியில் என்னை ஒரு தரம் பார்த்தார். "வயசானவர் நடந்து போயிருக்கார்க்கா. வருஷத்துல போகல, வழியிலதான் போயிருப்பார்" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

மட்டாஞ்சேரியை நான் முதன்முதலாகப் பார்த்தது இப்படித்தான்: ஒரு மனிதன் விழுந்து கிடக்கக்கூடிய இடங்களாக. கடைத்தெருவின் இரண்டு பக்கமும் இருந்த கிடங்குகளின் பெரிய மரக் கதவுகள் எனக்குக் கட்டடக் கலையாகத் தெரியவில்லை. அவற்றுக்குப் பின்னால் இருட்டு இருந்தது, அவ்வளவுதான். சுக்கு மூட்டைகளுக்கு இடையே வெள்ளையாக ஏதாவது தெரிந்தால் "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று கத்தினேன். ஒருமுறை அது ஆடு. ஒருமுறை காயப்போட்ட சாக்கு. சுவரில் வரைந்த ஓவியத்தின் முன் இரண்டு வெளிநாட்டுப் பெண்கள் மாறி மாறிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்; அவர்கள் சிரிப்பது எனக்குக் குற்றம்போலப் பட்டது. வெள்ளை வேட்டி கட்டிய கிழவர்கள் எங்கும் இருந்தார்கள். பின்னாலிருந்து பார்த்தால் எல்லாருமே அவர். எட்டு இருபதிலிருந்து ஒன்பது வரை பதினொரு அப்பாக்களைப் பார்த்தேன். பதினொரு பேரும் திரும்பி வேறு முகங்களைக் காட்டினார்கள்.

சந்தில் வீடு இல்லை. இருந்த இடத்தில் வண்டி நிறுத்துமிடம். கோயில் வாசலில் பூ விற்றவர் விபூதி பூசிய தமிழ்க்காரர் யாரும் வரவில்லை என்றார். தாத்தா வேலை பார்த்த கிடங்கு எது என்று தெரியாததால் ஒவ்வொன்றாகக் கேட்டோம். ஒரு கிடங்கின் முன் சுமை தூக்குகிறவர்கள் நாலைந்து பேர் நீலச் சட்டையில் உட்கார்ந்திருந்தார்கள். நான் அதே வர்ணனையை ஒப்பித்தேன்.

"தமிழனைத் தேடுறதுக்கு மட்டாஞ்சேரிக்கு ஏன் வந்தீங்க? எர்ணாகுளத்துல பிராட்வேக்குப் போங்க சேச்சி, அங்கே எறிஞ்சா கல்லு தமிழன் மேலதான் விழும்" என்றார் ஒருவர், தனக்குத் தெரிந்த தமிழில். மற்றவர்கள் சிரித்தார்கள். என் முகத்தைப் பார்த்ததும் அவரே சிரிப்பை நிறுத்தி, "இல்ல சேச்சி, சத்தியமா கண்டில்ல. ஒரு இக்கா மாத்திரம் போனாரு" என்றார்.

படகுத்துறைக்கு வந்தபோது ஒன்பது இருபது. ஊசி போட்டு ஒரு மணி நாற்பது நிமிடம். எதிரே வெலிங்டன் தீவின் பாரந்தூக்கிகள் அசையாமல் நின்றன. தண்ணீர் தெரியாத அளவுக்கு ஆகாயத்தாமரை மிதந்து அடர்ந்திருந்தது. தரை என்று நினைத்து ஒருவர் கால் வைத்துவிடலாம். கண்ணாடி இல்லாதவர் நிச்சயம் வைத்துவிடலாம். நான் விளிம்பில் நின்று பச்சையில் எங்காவது கிழிசல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சீட்டு கொடுக்கிறவர் வெளியே வந்து என் முழங்கையைத் தொட்டார்.

"வெள்ளத்தில நோக்கண்டா, சேச்சி. இவிடெ ஆரும் வீணிட்டில்ல. ராவிலே முதல் ஞான் இவிடெ உண்டு." தண்ணீரைப் பார்க்க வேண்டாம், காலையிலிருந்து தான் இங்கேயே இருப்பதாகவும் யாரும் விழவில்லை என்றும் சொன்னார். பிறகு அவரும் அதையே சொன்னார்: "ஒரு இக்கா வந்நு. குறச்சு நேரம் நின்னு. திரிச்சு போயி." ஒரு பெரியவர் வந்தார், கொஞ்ச நேரம் நின்றார், திரும்பிப் போனார்.

ஆட்டோவில் வந்து உட்கார்ந்தேன். நான்தான் ஊசி போட்டேன். எங்கோ அவருடைய ரத்தத்தில் அது தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. இட்லி வருவதற்கு முன்னால் ஏன் போட்டேன்? அட்டவணையில் ஏழு நாற்பது என்று இருந்ததால் போட்டேன்.

ஓட்டுநர் வண்டியைக் கிளப்பவில்லை. திரும்பி உட்கார்ந்து கேட்டார்.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டா? அப்பா முண்டு எங்கோட்டு உடுப்பார்? இடத்தோட்டா, வலத்தோட்டா?"

"என்னது?"

அவர் இறங்கி நின்று தன் வேட்டியைக் காட்டினார். சுற்றி வந்த முனை இடப்பக்கம் செருகப்பட்டு, கரை இடது கால் மேல் நேராக இறங்கியிருந்தது. "நாங்க இப்படி. இந்துக்கள் அந்தப் பக்கம். இங்க ஆளோட முகத்தை நோக்கறதுக்கு முந்தி முண்டைத்தான் நோக்கும். நீங்க தமிழன், விபூதின்னு சொன்னா அவங்க வலத்தோட்டு உடுத்த ஆளைத்தான் ஓர்மை வெப்பாங்க. நீங்க சொன்ன சாயாக்கடைக்காரரையும் சேர்த்து மூணு பேர் ஒரே கதை சொல்லிட்டாங்க, கேட்டீங்களா? தமிழனைக் காணல, ஒரு இக்காவைக் கண்டோம்."

"எங்கப்பா இந்து, தம்பி."

"அது எனக்குத் தெரியும்க்கா. முண்டுக்குத் தெரியணுமே."

அப்பா பிறந்த நேரம் எனக்குத் தெரியும். வேலையில் சேர்ந்த கிழமை தெரியும். இரண்டாவது பல் எடுத்த தேதி தெரியும். எந்தப் பக்கம் வேட்டி கட்டுவார் என்று தெரியவில்லை. கண்ணை மூடிப் பார்த்தால் வேட்டி வந்தது, முனை வரவில்லை. கல்யாண வீடுகளுக்குக் கிளம்பும்போது அம்மா அவரை நிறுத்தி வேட்டியை அவிழ்த்து மறுபடி சுற்றிவிடுவது ஞாபகம் வந்தது. அம்மாவுக்கு எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும், அதனால்தான் என்று நாற்பது வருடம் நினைத்திருக்கிறேன்.

கைபேசியைத் திறந்தேன். சமீபத்திய படங்களில் எல்லாம் அவர் உட்கார்ந்திருக்கிறார், போர்வையில் இருக்கிறார், இல்லையென்றால் மார்பு வரைதான் இருக்கிறார். பழைய ஆல்பங்களிலிருந்து எடுத்துச் சேமித்த படங்களுக்குப் போனேன். திருச்சி வீட்டுப் புதுமனை புகுவிழா. வாசலில் பன்னிரண்டு பேர் வரிசையாக நிற்கிறார்கள். படத்தின் பின்பக்கத்தில் தேதியும் பன்னிரண்டு பெயர்களும் என் கையெழுத்தில் இருக்கின்றன. எத்தனையோ முறை பார்த்த படம். பெரிதாக்கினேன். அன்று அம்மாவுக்கு வேலை அதிகம், சுற்றிவிட நேரமிருந்திருக்காது. பச்சைக் கரை அப்பாவின் இடது கால் மேல் நேராக இறங்கியிருந்தது.

ஓட்டுநர் எட்டிப் பார்த்தார். தாவி ஏறினார். நான் கைபேசியை மூடுவதற்குள் வண்டி திரும்பிக்கொண்டிருந்தது.

சுமை தூக்குகிறவர்கள் அங்கேயே இருந்தார்கள். "இக்காவோ? நாங்கதான் சொன்னோமே சேச்சி! மய்யத்து வீட்டுக்குப் போற இக்கா. பாவம், கையும் காலும் விறைச்சு விறைச்சு நடந்தாரு. வழி மாறி நின்னாரு, நாங்கதான் சந்துக்கு வழி காட்டினோம்."

"மய்யத்து வீடுன்னா?"

ஓட்டுநர் முன்னால் பார்த்தபடியே சொன்னார். "சாவு வீடுக்கா. அந்தச் சந்துல இன்னைக்கு ஒரு மய்யத்து. வெள்ளை உடுத்துட்டு ஒரு பெரியவர் ராவிலே நடந்தா, அங்கதான் போறார்னு இவங்க வெச்சிருப்பாங்க."

சந்துக்குள் ஆட்டோ போகாது. ஒன்பது நாற்பத்தொன்று. ஓடினேன். என் வயதில் ஓட்டம் என்று அதைச் சொல்ல முடியாது. இரண்டு பக்கமும் ஈரச் சுவர்; சந்தின் நடுவில் வாடகை நாற்காலிகள்; வெள்ளை உடுத்த ஆண்கள் கூட்டமாக, சத்தமில்லாமல். வீட்டு வாசல் சுவரில் பச்சைத் துணி மடித்துப் போட்ட சந்தூக்கு, பிணத்தைத் தூக்கிச் செல்லும் பெட்டி, சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அது இன்னொருவருக்காக வந்தது என்று எனக்குச் சொல்லப்பட்டிருந்தது. ஆனாலும் அதைப் பார்த்த நொடியில் அறிவு கையை விட்டுப் போய்விட்டது. அது அப்பாவுக்குத்தான் என்றே நின்றேன். ஓட்டுநர் பின்னாலிருந்து தோளைப் பிடித்துத் திருப்பாவிட்டால் எவ்வளவு நேரம் நின்றிருப்பேனோ.

"அக்கா, அங்க. மூணாவது கசேரை."

மூன்றாவது நாற்காலியில் அப்பா உட்கார்ந்திருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கையில் பாலில்லாத சாயா டம்ளர். பக்கத்தில் அறுபது வயதுக்காரர் ஒருவர் டம்ளரின் அடியைத் தாங்கிப் பிடித்திருந்தார். அப்பாவின் மடியில் பாதி உரித்த வாழைப்பழமும் இரண்டு ரஸ்க்கும் இருந்தன.

டம்ளரைத் தாங்கியிருந்தவர் ஓட்டுநரிடம் மெதுவாக மலையாளத்தில் சொன்னதை ஓட்டுநர் எனக்குச் சொன்னார். வந்தபோது அப்பா வியர்த்துக் கொட்டி நடுங்கிக்கொண்டிருந்தாராம். பேச வரவில்லையாம். இறந்துபோனவரின் பழைய கூட்டாளி, துக்கம் தாங்கவில்லை என்று நினைத்து உட்கார வைத்தார்களாம். சாவு வீட்டில் அடுப்பு எரியாது. அடுத்த வீட்டிலிருந்து சாயா கொண்டுவந்து, சர்க்கரை நிறையப் போட்டு இரண்டு டம்ளர் குடிக்க வைத்தார்களாம். "துக்கத்துக்கு மதுரம் நல்லது" என்றாராம் யாரோ.

நான் முன்னால் போய் நின்றேன். "அப்பா."

நிமிர்ந்தார். என்னைத் தெளிவாகப் பார்த்தார். பிறகு பக்கத்திலிருந்தவரிடம் கேட்டார்: "இதாரா?"

"மகள்னு சொல்றாங்க, இக்கா" என்றார் அவர்.

"எனிக்கறியில்ல."

தெரியாதாம். நாற்காலிகள் அசைந்தன. இரண்டு பேர் எழுந்தார்கள். ஒருவர் என் நெற்றிப் பொட்டைப் பார்த்தார், அப்பாவின் வேட்டிக் கரையைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். அவர்களைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. தங்களில் ஒருவராகத் தெரிகிற, உடம்புக்கு முடியாத ஒரு கிழவரை, அவர் தெரியாது என்று சொல்லும் ஒரு பெண்ணிடம் யார் ஒப்படைப்பார்கள்?

"மகளாணெங்கில் எந்தெங்கிலும் தெளிவு?" என்று கேட்டார் ஒருவர். மகள் என்பதற்கு ஆதாரம்.

ஆதாரமா? என் கைப்பையில் பிளாஸ்டிக் உறையில் எல்லாம் இருந்தன. அடையாள அட்டை நகல், ஓய்வூதியப் புத்தகம், என் பிறப்புச் சான்று. எடுத்துக் கொடுத்தேன். அவர் மரியாதையாக ஒவ்வொன்றாகப் புரட்டினார். அப்பா கழுத்தை நீட்டிப் பார்த்துவிட்டு, "கள்ளக் கடலாஸ்" என்றார். போலிக் காகிதங்கள். யாரோ சிரிப்பை அடக்கினார்கள். எனக்கு அழுகைகூட வரவில்லை. ஓட்டுநர் ஏதோ வாதாடிக்கொண்டிருந்தார். அவருக்கும் என்னைத் தெரிந்து ஒன்றரை மணி நேரம்தான்.

யார் நம்பினாலும் நம்பாவிட்டாலும் சர்க்கரையைப் பார்த்தாக வேண்டும். நான் ஈரத் தரையில் முழங்காலிட்டுச் சோதனைக் கருவியின் பெட்டியைத் திறந்தேன். அந்த 'டக்' என்ற சத்தம் கேட்டதும், பக்கத்திலிருப்பவரிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்த அப்பா, பேச்சை நிறுத்தாமல், என் பக்கம் திரும்பாமல், இடது கையைச் சட்டையில் துடைத்து மோதிர விரலை மட்டும் என்னிடம் நீட்டினார். ஆறு வருடமாக ஒவ்வொரு நாளும் நீட்டுகிற விரல். குத்தினேன். வழக்கம்போல முகம் சுளித்து, வழக்கம்போல "ஸ்ஸ்" என்றார்.

சான்றிதழ்களைக் கையில் வைத்திருந்தவர் அவற்றை மடித்து என் பையில் வைத்தார். "மகளுதன்னெ" என்றார். மகளேதான்.

கருவி எழுபத்தொன்று காட்டியது, அபாய எல்லைக்கு ஒரு நூல் மேலே. ஒன்பது ஐம்பத்தாறு. ரஸ்க்கைச் சாயாவில் நனைத்து ஊட்டினேன். தெரியாத பெண்ணிடம் வாங்கிச் சாப்பிடும் கூச்சத்தோடு சாப்பிட்டார்.

எழுந்து வர மறுத்தார். நானும் ஓட்டுநரும் அழைத்துப் பார்த்தோம். பிறகு சந்தூக்கை உள்ளே கொண்டுபோய், கொஞ்ச நேரத்தில் தோள்களில் தூக்கி வெளியே கொண்டுவந்தார்கள். எல்லாரும் எழுந்தார்கள். அப்பாவும் எழுந்தார். கூட்டத்தோடு நடந்தார். ஓட்டுநர் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு சந்து முனைவரை போய், கூட்டம் பள்ளிவாசல் பக்கம் திரும்பிய இடத்தில் அவரை மெல்ல ஆட்டோவில் ஏற்றினார்.

இறந்தவருக்கு எண்பத்தாறு வயது, அந்தச் சாவு வீட்டுச் சந்திலேயே பிறந்தவர் என்று ஓட்டுநர் பிறகு விசாரித்துச் சொன்னார். அப்பாவின் கூட்டாளியாக இருந்திருக்கலாம். இருந்திருக்கலாம் என்பதை நான் கோப்பில் எழுதுவதில்லை.

மதியம் வேட்டி மாற்றும்போது கேட்டேன். "ஏம்ப்பா இந்தப் பக்கம் கட்டறீங்க?"

குனிந்து பார்த்தார். "எல்லாரும் இங்ஙனெயல்லே?" என்றார். எல்லாரும் இப்படித்தானே. யார் அந்த எல்லாரும், எந்தத் தெருவில், யார் இடுப்பைப் பார்த்து அவர் கற்றுக்கொண்டார் என்று கேட்கும் வயதில் நான் கேட்கவில்லை. இப்போது கேட்டால் சொல்ல அவரிடம் அந்த ஞாபகம் இல்லை.

சாயங்காலம் ஐந்தரைக்கு விடுதியின் வாசல் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். திருச்சியில் நிற்பதுபோலவே, ஒரு கால் முன்னால் வைத்து.

"வீட்டுக்குப் போலாம்."

"இதுதாம்ப்பா மட்டாஞ்சேரி. நீங்க பிறந்த ஊர்."

"வீட்டுக்குப் போகணும்."

இருபத்திரண்டு பக்கங்களுக்கும் சேர்த்து அதுதான் பதில். இதற்குமேல் கூட்டிப்போக எனக்கு ஊர் இல்லை. தட்டில் சேச்சி வைத்த ஆப்பம் ஆறிக்கொண்டிருந்தது.

காலையில் எங்களை இறக்கிவிட்டுப்போன ஓட்டுநர், அப்பா எப்படி இருக்கிறார் என்று பார்க்க அப்போது வந்தார். நிலைமையைப் பார்த்தார். ஆட்டோவின் பின்னிருக்கையைக் காட்டினார். "ஏறுங்க இக்கா, வீட்டுக்குப் போகலாம்."

அப்பா உடனே ஏறினார். நானும் பக்கத்தில் ஏறினேன், ஆப்பத்தைப் பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு. கடைத்தெரு, படகுத்துறை, காலையில் ஓடிய சந்தின் முனை என்று சுற்றி விடுதி வாசலுக்கே கொண்டுவந்து நிறுத்தி, "வீடு எத்தி" என்றார் ஓட்டுநர். வீடு வந்துவிட்டதாம். அப்பா வெளியே எட்டிப் பார்த்துத் தலையை ஆட்டினார். இது இல்லை. மறுபடி சுற்றினோம். இரண்டாவது சுற்றில் ஒரு ஆப்பம் சாப்பிட்டார். விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. கிடங்குக் கதவுகளைச் சாத்திக்கொண்டிருந்தார்கள். காலையில் பார்க்காத பலவற்றை இப்போது பார்க்க முடிந்தது. ஒன்றையும் குறித்துக்கொள்ளவில்லை.

மூன்றாவது முறை விடுதி வாசலில் வண்டி நின்றபோது அப்பா இறங்கினார். இறங்கி, இடப்பக்கக் கரையைச் சரிசெய்துகொண்டு, உள்ளே உட்கார்ந்திருந்த என்னைக் குனிந்து பார்த்தார். ஒரே வண்டியில் வந்த வழிப்போக்கரிடம் பேசும் மரியாதையோடு கேட்டார்.

"நீங்க எங்க போகணும்?"

"நானும் இங்கதான்" என்று சொல்லி இறங்கினேன்.